விலை உயர்ந்த மண்ணில் தெய்வத்துக்கு ஓர் இடம்

ஒரு காணித்துண்டின் விலை பலமடங்கு உயர்ந்துவிட்டால், அதன் மூலையில் நெடுங்காலமாக இருந்துவரும் சிறு கோயிலுக்கு என்ன நேரவேண்டும்? கோயில் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்வது எவருக்கும் இலகு. காணி தம்முடையதாக இல்லாதவரையில் அது மிகவும் இலகு. காணியை வாங்கியவர், அதில் மாடி எழுப்பக் கடன் கொடுத்தவர், கோயிலைப் பரிபாலிப்பவர், வழிபட வருபவர் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி அமரும்போதுதான் இது உண்மையான வினாவாகின்றது. தெய்வத்தை இடம்மாற்றலாமா, சந்நிதியைச் சுருக்கலாமா, கூரைமேல் ஏற்றலாமா, இடம் விட்டுக்கொடுப்பவர் பயத்தால் விட்டாலென்ன, இலாபத்துக்காக விட்டாலென்ன என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். இவற்றை வெறும் ஏட்டளவில் ஆராயாது, நிலவிலை மிகுந்த உலக நகரங்களுள் ஒன்றான யப்பானின் தலைநகர் ரோக்கியோவின் வர்த்தக வலயத்தில் கால்நடையாகச் செல்பவரோடு சேர்ந்து ஆராய்வது பயனுடையது.

யப்பானியரின் தொன்மையான சமயம் ஷிந்தோ எனப்படும். மலையிலும் மரத்திலும் பாறையிலும் நீரிலும், மாண்ட பெருவீரரிடத்தும் உறையும் தெய்வத்தை அவர்கள் ‘காமி’ என்பர். இரு தூண்களும் குறுக்கு விட்டங்களும் கொண்ட ‘தொரியி’ என்னும் வாயில் கோயிலின் முன்னே நிற்கும். அதைக் கடந்தால் புனித எல்லை. மூலஸ்தானத்தில் பெரும்பாலும் விக்கிரகம் இராது. கண்ணாடி போன்றதொரு பொருளே திரைமறைவில் வைக்கப்பட்டிருக்கும். வழிபட வருபவர் நீரினால் கையையும் வாயையும் சுத்தி செய்து, உண்டியலில் காசிட்டு, இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மறுபடியும் ஒருமுறை வணங்கி விலகுவார். கைதட்டும் ஓசை நம்மவர்க்குச் சண்டேசுரர் சந்நிதியை நினைவூட்டும். கருத்து வேறாயினும் செயல் அந்நியமாகத் தோன்றாது.

ரோக்கியோ புகையிரத நிலையத்தின் மேற்குப்புற வாயிலால் வெளியே வந்தால் மருனோச்சி என்னும் பகுதி. 1914இல் திறக்கப்பட்ட செங்கற் கட்டடமான அந்நிலையம், 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் கூரையை இழந்து, 2012இல்தான் பழைய தோற்றத்தைத் திரும்பப் பெற்றது. அப்புனரமைப்புக்கான பணத்தை, நிலையத்தின் மேலே கட்டப்படாதிருந்த உயரத்துக்குரிய உரிமையை அயலிலுள்ள கோபுரங்களுக்கு விற்றே தேடிக்கொண்டனர். ஆகாயத்துக்கே விலை இருக்கும் இடத்தில் மண்ணின் விலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் ஓதேமச்சி. வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் பத்திரிகைக் காரியாலயங்களும் வானளாவி நிற்கும் அந்த இடத்தில், 2020இல் கட்டி முடிக்கப்பட்ட இரு பெருங் கட்டடங்களின் அருகே, சிறியதொரு திறந்த வெளியில் ஒரு கல் நிற்கின்றது. அதற்குமுன் மலர்களும் ஊதுவத்திகளும் இருக்கும். கழுத்துப்பட்டி அணிந்த ஊழியர்கள் வந்து, ஒரு கணம் நின்று, தலைவணங்கிப் போவர்.

இது தயிரா நோ மசகாடோ என்னும் வீரனின் தலை புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் மேடு. கிழக்கு யப்பானில் வாழ்ந்த அவன், மத்திய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்து 939இல் தன்னைப் புதிய பேரரசனென்று பிரகடனம் செய்தான். மறு ஆண்டே போரில் மாண்டான். அவனது தலை தலைநகராயிருந்த கியோத்தோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பொதுமக்கள் காண வைக்கப்பட்டது. அத்தலை தன் ஊரை நாடிப் பறந்துவந்து இங்கே வீழ்ந்ததென்பது ஐதீகம். பின்னாளில் கொள்ளைநோய் பரவியபோது அது மசகாடோவின் சினமென்று மக்கள் அஞ்சினர்; 1309இல் அவன் அயலிலிருந்த கண்டா கோயிலில் தெய்வங்களோடு சேர்த்து எழுந்தருளச் செய்யப்பட்டான். அந்தக் கோயில் 730இல் தோன்றியதென்பர். 1616இல் அது இன்றைய இடத்துக்கு மாற்றப்பட்டது. மேடு மாத்திரம் இங்கேயே நின்றுவிட்டது.

1923 செப்டெம்பர் முதலாந் திகதி நேர்ந்த பெரும் பூமியதிர்ச்சியிலும் தீயிலும் அங்கிருந்த நிதியமைச்சு அழிந்தது. அவசரத் தேவை கருதி மேட்டைச் சமப்படுத்தி, அதன்மேல் தற்காலிகக் காரியாலயம் அமைத்தனர். 1926இல் நிதியமைச்சர் ஹயாமி சேயிஜி காலமானார். வேறு அதிகாரிகளும் இறந்தனர், பலருக்குக் காலிலே காயம் ஏற்பட்டது என்று பேச்சுப் பரவியது. ஈற்றில் கட்டடத்தை அகற்றிச் சாந்தி வழிபாடு செய்தனர். மசகாடோ மாண்டு சரியாக ஆயிரம் ஆண்டு நிறைந்த 1940இல், இடிவிழுந்து மூண்ட தீயில் அமைச்சின் கட்டடங்கள் மறுபடியும் எரிந்தன. போருக்குப்பின் அமெரிக்கப் படையினர் இவ்விடத்தைத் துப்புரவாக்க முனைந்தபோது இயந்திரம் புரண்டு ஓட்டுநர் இறந்தார் என்றும் சொல்வர். அன்று தொட்டு எந்த நிறுவனமும் அந்தக் கல்லை அசைக்க நினைக்கவில்லை. அயலிலுள்ள நிறுவனங்களே சேர்ந்து பாதுகாப்புச் சங்கம் அமைத்து அதனைப் பராமரித்து வருகின்றன. காரியாலயங்களில் மேட்டுக்கு முதுகு காட்டி மேசை போடுவதில்லை என்றும் ஒரு கதை உண்டு.

இக்கதைகளை அப்படியே நம்பவேண்டுமென்பதில்லை. பெரிய திணைக்களமொன்றில் ஈராண்டுக் காலத்தில் சிலர் இறப்பதும் சிலர் படியில் வழுக்கி விழுவதும் நடப்பவையே. ஆளணிப் பதிவேடுகளோடு பழகியவர்கள் இதை அறிவர். பூமியதிர்ச்சியில் எரிந்த நகரில், அவசரமாக எழுப்பிய மரக் கொட்டகைகளில் வேலை செய்தவர்களுக்கு நோய் வந்ததில் மர்மம் எதுவுமில்லை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. கதை உண்மையோ பொய்யோ, அந்தக் கதைதான் நிலத்தைக் காத்தது. சட்டமும் பத்திரமும் செய்ய முடியாததைப் பயம் செய்தது. அப்படியானால் அது பக்தியா?

நம்மவர்கள் ‘பயபக்தி’ என்று இரு சொற்களையும் பிரிக்காமலே வழங்குகின்றனர். இரண்டும் ஒன்றன்று என்பது தெரிந்தும் பிரிக்காததற்குக் காரணம் உண்டு. சிறுவன் முதன்முதல் கோயிலுக்குள் சத்தமிடாது நிற்பது தகப்பனுக்கோ தெய்வத்துக்கோ அஞ்சியே. அந்த மௌனத்தில் நிற்கப் பழகிய பின்னரே வேறொன்று உள்ளே தோன்றுகின்றது. சிலருக்குத் தோன்றாமலே போய்விடுவதும் உண்டு. மசகாடோவின் மேட்டில் இன்று தலைவணங்கும் இளம் ஊழியர் எல்லோரும் சாபத்துக்கு அஞ்சி வணங்குவதாகச் சொல்ல முடியாது. தோற்று, தலை வெட்டப்பட்டு, ஊர்திரும்ப ஆசைப்பட்ட ஒருவன்மீது எழும் இரக்கமும் அதிலே இருக்கலாம். தொலைவிலுள்ள கிளைக்கு இடமாற்றம் பெற்றவர்கள் நலமே திரும்பிவர வேண்டுமென்று இங்கே தவளைப் பொம்மைகளைக் காணிக்கை வைத்து வந்தனர். யப்பானிய மொழியில் தவளையைக் குறிக்கும் சொல்லுக்கும் திரும்பிவருதலைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒலி ஒன்றே. உத்தியோக இடமாற்றத்தின் துன்பத்தை அறிந்தவர்களுக்கு இந்தத் தவளைகளின் பொருள் விளங்கும். 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை மேடு புதுப்பிக்கப்பட்டபோது பழைய மரநிழல் போய்விட்டது, தவளைகளும் அகற்றப்பட்டன. இடம் இப்போது வெளிச்சமாக, கல் பதித்துச் சுத்தமாக இருக்கின்றது. பயத்தைக் குறைத்த அந்தத் திருப்பணி பக்தியையும் சிறிது குறைத்துவிட்டதோ என்ற ஐயம் நியாயமானதே.

கிழக்கே நடந்து நிஹோன்பாஷியை அடைந்தால் காட்சி மாறுகின்றது. அங்கே பயம் இல்லை, வியாபாரம் இருக்கின்றது. முரோமச்சி என்னும் வீதிப்பகுதியில் புகுற்றோக்கு கோயில் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டளவிலேயே இருந்ததாக மரபு கூறும் இக்கோயில், நகரம் நெருங்க நெருங்கச் சுருங்கி, ஒரு காலத்தில் கட்டடமொன்றின் கூரைமேல் சிறு சந்நிதியாக ஒதுங்கியது. அப்பகுதியை மீள நிர்மாணித்த மிற்சுயி பூடோசான் நிறுவனம் தன் புதிய கடைத்தொகுதிகளின் நடுவே இடமொதுக்கியதால், 2014இல் கோயில் மீண்டும் தரையில் எழுந்தது. அயலிலே மரங்கள் நட்ட வெளியொன்றும் 2016இல் அமைக்கப்பட்டது. முன்னைய ஆட்சிக் காலத்தில் அதிர்ஷ்டச் சீட்டு நடத்த அனுமதி பெற்ற கோயில் இது என்பதால், இன்றும் அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்கியோர் நேர்த்தி வைக்க வருகின்றனர்.

கடைக்கு ஆட்களை இழுக்கவே கோயிலைக் கட்டினார்கள், தெய்வம் அங்கே வாடகைக் குடியிருப்பாளர் போலாகிவிட்டது என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. மாலையில் விளக்கேற்றிய அக்கோயிலையும் கண்ணாடி மாடிகளையும் சேர்த்துப் படம்பிடிப்போர் பலர். கைகூப்புவோர் அவர்களிற் சிலரே. ஆயினும் கூரைமேல் மறந்துபோய்க் கிடந்த தெய்வம் தரைக்கு வந்தது என்பதும் உண்மை. அதைச் செய்தவர்களின் உள்ளத்தைத் திறந்து கணக்குப் பார்க்க எவராலும் முடியாது. உபயகாரரின் நோக்கத்தை விசாரித்த பின்புதான் உபயத்தை ஏற்பது என்று தொடங்கினால் உலகில் எந்தக் கோயிலிலும் ஒரு தூண்கூட நில்லாது. ஆகவே நோக்கத்தை விட்டு ஏற்பாட்டை நோக்குவதே முறை. ஒரு சதமும் செலவழிக்க எண்ணாத ஒருவர், கடைக்குள் நுழையாமல், யாரிடமும் கேளாமல், வீதியிலிருந்து நேரே தெய்வத்தின் முன் போய் நிற்க முடிகின்றதா? புகுற்றோக்குவில் முடிகின்றது. பெரிய அங்காடிகளின் கூரைமேலுள்ள கோயில்களில் இதே விடையைக் கூற முடியாது. 1673இல் துணிக்கடையாகத் தொடங்கிய மிற்சுயி குடும்பத்தாரின் காவற்தெய்வமான மிமேகுரி, அக்கடையின் வழிவந்த மிற்சுக்கோஷி அங்காடியின் கூரையில் எழுந்தருளியிருக்கின்றது. அங்காடி பூட்டினால் தெய்வத்துக்கும் நடை சாத்தியதுதான். வணிகர் தம் குலதெய்வத்தைத் தம் தலைக்கு மேலே வைத்துப் போற்றுவது பெருமைக்குரியது. ஊர்ப் பொதுத்தெய்வத்துக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது.

தெற்கே கின்சாவிலும் இந்தக் கூரைக் கோயில்கள் உள்ளன. 2017இல் திறக்கப்பட்ட கின்சா சிக்ஸ் என்னும் தொகுதியின் கூரைத் தோட்டத்தில் ஒன்றுண்டு. இவற்றுள் மிகவும் சிந்திக்க வைப்பது மூன்றாம் வட்டாரத்திலுள்ள அசாஹி இனாரி. வீதியோரத்தில் வணங்கும் இடமும் கட்டடத்தின் உச்சியில் மூலஸ்தானமுமாக அது அமைந்துள்ளது. நிலத்தோடு தொடர்பற்றுத் தெய்வம் அந்தரத்தில் நிற்றல் ஆகாதென்று, கூரையிலிருந்து தரைவரை குழாயொன்றை இறக்கி, அதனுள்ளே மண்ணை நிரப்பியிருக்கின்றனர். கேட்பவர் முதலில் சிரிக்கக்கூடும். பாலஸ்தாபனத்தின்போது மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, திருப்பணி முடிந்ததும் திரும்ப எழுந்தருளச் செய்யும் வழக்கமுடையவர்கள் சிரிக்கமாட்டார்கள். இடம் மாறலாம், தொடர்பு அறக்கூடாது என்ற அதே கவலைதான் அந்தக் குழாயிலும் நிரப்பப்பட்டிருக்கின்றது. கட்டடப் பொறியியலாளரிடம் போய், எந்தச் சுமையும் தாங்காத, எந்த நீரும் ஓடாத ஒரு குழாய் வேண்டுமென்று கேட்ட பரிபாலகர் எவரோ, அவர் பாராட்டுக்குரியவர். ஏழாம் வட்டாரத்தில், இரு கட்டடங்களுக்கிடையே ஓராள் செல்லத்தக்க சந்தினுள் தொயோயிவா இனாரி இருக்கின்றது. அந்த ஒழுங்கையை மூடிவிட மனமின்றி, புதிய கட்டடத்தின் ஊடாகவே வழிவிட்டுத் தானியங்கிக் கதவும் வைத்திருக்கின்றனர்.

இத்தனை சிறு சந்நிதிகளை வைத்திருப்பதைவிட ஒரு பெரிய கோயிலாக ஒன்றுசேர்த்தால் என்ன என்று நிர்வாகம் அறிந்தவர்கள் கேட்கலாம். யப்பானிய அரசே அதைக் கேட்டதுண்டு. 1906ஆம் ஆண்டு ஆணையொன்றினால், ஒரு கிராமத்துக்கு ஒரு கோயில் என்ற கணக்கில் சிறு கோயில்களை இணைக்கத் தொடங்கினர். செலவு குறையும், எஞ்சிய கோயிலின் கௌரவம் உயரும் என்பதே நியாயம். சில ஆண்டுகளுள் சுமார் 70,000 கோயில்கள் மறைந்தன. அவற்றின் சோலைகள் தறிக்கப்பட்டு மரங்கள் விலையாயின. மினகாற்றா குமகுசு என்னும் இயற்கை ஆய்வாளர் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1910இல் அதிகாரிகளின் கூட்டமொன்றினுள் புகுந்து கலகம் செய்ததற்காக அவர் சிறையும் சென்றார். நடந்து போகக்கூடிய தூரத்தில் தெய்வம் இல்லாவிட்டால் முதியோரும் பெண்களும் வழிபாட்டையே விட்டுவிடுவர் என்பது அவரது வாதங்களுள் ஒன்று. கணக்கேடு சரியாக இருந்தது, ஊர் வெறுமையாயிற்று. இது தெய்வத்தைப் பகைத்தவர்கள் செய்த காரியமன்று. தெய்வத்தின் கௌரவத்தை உயர்த்தப் புறப்பட்டவர்கள் செய்தது என்பதனால் எந்தப் பரிபாலன சபையும் இதனைப் படித்து வைத்திருத்தல் நன்று.

பெரிய கோயிலுக்கும் கவலை இல்லாமலில்லை. ஓதேமச்சி, மருனோச்சி ஆகியவை அடங்கிய சியோதா வட்டாரத்தில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வசிப்போர் ஏறக்குறைய 66,000 பேர். பகலில் அங்கே இருப்போர் எட்டு இலட்சத்துக்கு மேல். இரவில் ஆளில்லாத ஊருக்குத் திருவிழா எடுப்பது யார்? கண்டா கோயிலின் பெருவிழா இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மே மாதத்தில் வரும். 108 குடியிருப்புப் பகுதிகள் அக்கோயிலின் ஆதரவுக்குரியவை. பல்லக்குச் சுமக்க ஊரில் இளைஞர் போதாமையால் கம்பனி ஊழியர்கள் தோள்கொடுக்கின்றனர். ஊர்வலம் ஓதேமச்சியினூடாக வரும்போது மசகாடோவின் மேட்டில் நின்று பூசை நடைபெறும். தொற்றுநோய்க் காலத்தில் தடைப்பட்டு, 2019க்குப்பின் 2023இலேயே விழா முழு அளவில் நடந்தது.

இக்கோயிலின் வரலாறும் அறியத்தக்கது. பேரரசருக்கு எதிராகக் கிளர்ந்தவன் தெய்வமாக இருத்தல் தகாதென்று 1874இல் மசகாடோ பிரதான மூலஸ்தானத்திலிருந்து அகற்றப்பட்டான். ஊர்மக்கள் மனம் ஒப்பவில்லை. 1984இல்தான், 110 ஆண்டுகளின்பின், அவன் திரும்ப எழுந்தருளினான். 1923இல் எரிந்த மண்டபத்துக்குப் பதிலாக 1934இல் இரும்பும் கொங்கிறீற்றும் கொண்டு கட்டினர். மரபுக்கு மாறானதென்று அன்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பர். 1945இல் சுற்றிலும் எல்லாம் எரிந்தபோது அந்தக் கொங்கிறீற் மண்டபம் நின்றது. அங்குள்ள மற்றொரு தெய்வமான தைக்கொக்கு, பௌத்தம் வழியாக யப்பானுக்குச் சென்ற நமது மகாகாளரே. ஒலியொற்றுமையால் அந்நாட்டுத் தெய்வமொன்றோடு கலந்து, அரிசி மூடைமேல் நிற்கும் செல்வக் கடவுளாகச் சிரித்துக்கொண்டிருக்கின்றார். ஆண்டின் முதல் வேலைநாளில் நிறுவனங்கள் தம் ஊழியரோடு கூட்டமாக வந்து வழிபடுவதும் இங்கேதான். கணினிக்கும் தகவலுக்கும் தீங்கு வராதிருக்க ஒட்டும் காப்புச்சீட்டும் கொடுக்கின்றனர். புதுவாகனத்தின் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைப்பவர்கள் இதற்குச் சிரிப்பதற்கில்லை.

போருக்குப்பின் யப்பானில் அரசுக்கும் கோயிலுக்குமிருந்த தொடர்பு அறுக்கப்பட்டது. அரச பணம் இல்லை. வழிபடுவோர் குறைந்த இடத்தில் கோயில் தன் காணியைக்கொண்டே வாழவேண்டியதாயிற்று. ரொரனோமொன் என்னும் இடத்துக் கொற்றோஹிரா கோயில் தன் வளாகத்திலேயே 26 மாடிக் காரியாலயக் கோபுரம் எழ 2004இல் இடங்கொடுத்தது. இவ்வகையில் ககுறாசக்கா பகுதியிலுள்ள அக்காகி கோயில் செய்தது இன்னும் நுணுக்கமானது. கட்டடங்கள் பழுதடைந்துவிட்டன. வருமானம் தந்த பாலர் பாடசாலை, பிள்ளைகள் குறைந்தமையால் 2008இல் மூடப்பட்டது. காணியை விற்றிருந்தால் கவலை அன்றே தீர்ந்திருக்கும். அவர்கள் விற்கவில்லை. ஒரு பகுதியை அடுக்குமாடி வீடுகள் கட்ட 70 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்து, அப்பணத்தில் கட்டடக் கலைஞர் குமா கெங்கோவின் வடிவமைப்பில் 2010இல் புதுக்கோயில் எழுப்பினர். தெய்வத்தின் பக்கத்தில் துணி உலர்த்துவதா என்று முகஞ்சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: இரவில் வெறிச்சோடும் அலுவலகக் கோபுரத்தைவிட, விளக்கெரியும் வீடுகள் கோயிலுக்கு நல்ல அயல். அங்கே பிறக்கும் பிள்ளை தொரியியைக் கடந்தே பாடசாலைக்குப் போகும்.

குத்தகை முடியும்போது வீடுகளை அகற்றி, காணியை மீளப் பெற்று, அதில் முன்போலச் சோலை வளர்ப்பது கோயிலாரின் எண்ணம். ஆண்டு 2080 ஆகிவிடும். குத்தகைப் பத்திரத்தில் ஒப்பமிட்டவர்கள் அப்போது இரார். காணி திரும்பி வரும் என்பது எழுத்தில் இருக்கின்றது. அன்றைய விலையில் அதை மரங்களுக்கு விட்டுக்கொடுக்கும் மனமுடையவர்கள் பரிபாலகராக இருப்பார்களா என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதக்கூடியதன்று.